மஞ்சளில் நனைத்த ரிப்பன்கள்

மாசி 5, ஞாயிறு

வாங்க, யாராக இருந்தாலும் உட்காருங்க. உடம்பு சௌகரியமா? காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா? இதை யாரும் படிக்கப்போவதில்லை, தெரியும். ஆனாலும் எதிரில் ஆள் இருப்பதாக நினைத்தால்தான் எனக்கு எழுத வரும்.

வானம் மூட்டம். மழை இல்லை. விடிந்ததும் சாங்கி வரை சைக்கிள் பயிற்சி. சிங்கப்பூரிலிருந்து மலாக்கா வரை மிதிக்கப்போகிறோம், நோயாளிகள் இல்லம் ஒன்றுக்குப் பணம் திரட்ட. காய்கறிக்கடையில் டெலிவரி பார்க்கிற என்னை இதில் இழுத்துவிட்டவள் மாலதி. அந்த இல்லத்தில் நர்ஸ், வீடு தோ பாயோவில். கறிவேப்பிலை வாங்க வந்தவள், "கருப்பையாண்ணே, லிட்டில் இண்டியா பூரா மிதிக்கிறீங்க, மலாக்காவுக்கு மிதிக்க மாட்டீங்களா?" என்றாள். சிரித்தேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் ஒருத்தன் பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சூடு தாங்காமல் பல்லைக் காட்டி, அதனாலேயே கல்யாணம் ஆகி... அது பெரிய கதை. இருக்கட்டும்.

என் வண்டி கனம், கேரியர் வேறு. அதனால் வரிசையில் கடைசி ஆள் நான். முன்னால் போகிற மாலதி பள்ளத்தைக் கண்டால் "ஹோல்!" என்பாள். அடுத்தவர் அதையே சொல்லுவார், பிறகு அதற்கடுத்தவர். அப்படியே பின்னால் வந்து, நான் சொன்னதோடு முடியும். எனக்கப்புறம் யாருக்குச் சொல்ல?

உட்காரும் இடம் புண். தேங்காய் எண்ணெய்.

மாசி 8, புதன்

வெயில். முருங்கைக்காய் இரண்டு நடை. முதலாளி சிடுசிடு.

மாலதி ஒரு பை நிறைய வெள்ளை ரிப்பன் கொடுத்தாள். பணம் போட்டவர்கள் ஆளுக்கொரு பெயர் எழுதித் தந்திருக்கிறார்கள். கேரியரில் கட்டிக்கொண்டு போகவேண்டும். நோயாளிகள் பெயர்தானே, வேண்டுதல் துணி என்று புரிந்துகொண்டேன். ஆனால் வெள்ளையில் யாராவது வேண்டுதல் கட்டுவார்களா? பக்கெட்டில் மஞ்சள்தூள் கரைத்து எல்லாவற்றையும் நனைத்துக் காயவைத்தேன். ரூமில் கூட இருக்கிறவர்கள் கேலி. "பக்கெட்டுல என்னாண்ணே, சாம்பாரா?"

செல்வத்தின் கட்டில் காலியாகவே இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரன், சம்பளத்தில் பத்து வெள்ளி இருந்தால் எட்டைப் பொண்டாட்டிக்கு அனுப்புகிறவன். காய்ச்சல் தலைக்கேறி, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். டாக்டர் கையை விரிக்கவில்லை, நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. அவன் பெயரையும் ஒரு ரிப்பனில் எழுதிச் சேர்த்தேன்.

ஒவ்வொரு முடிச்சுக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்லி, எழுந்து நடந்து வரணும் என்று வேண்டிக்கொண்டேன். சீனப் பெயர், மலாய்ப் பெயர், எல்லாம் எழுத்துக்கூட்டி. ஒருவரையும் விடவில்லை. எதற்கு ஓரவஞ்சனை?

மாசி 12, ஞாயிறு

காற்றே இல்லை. இலை அசையவில்லை. ரிப்பன் மட்டும் படபட.

சாங்கி ரோடு. "ஹோல்!" வரிசையாக வந்தது. நானும் சொன்னேன். எனக்குப் பின்னால், மெதுவாக, "ஹோல்."

திரும்பினேன். வெறும் ரோடு.

அடுத்த பள்ளம். இந்தத் தடவை ஒரு குரல் இல்லை. ஒன்று முடிந்ததும் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, நீண்ட வரிசையில் போவதுபோல் தூரத்தில் தேய்ந்தது. பிறகு மிதிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. கால்கள் தானாக மிதித்தன.

டீக்கடையில் மாலதி கேரியரைப் பார்த்தாள்.

"என்னாண்ணே எல்லாம் மஞ்சளா இருக்கு? ஒயிட்தானே குடுத்தேன்?"

"வேண்டுதலும்மா. சீக்காளிங்க வெரசா எந்திரிக்கட்டுமேன்னு."

"ஐயோ, இவங்க எல்லாம் எங்க இல்லத்துல இறந்து போனவங்க லா! மெமரிக்குக் கட்டுறது."

எங்களோடு மிதிக்கிற ஐ.டி. கம்பெனி பிரபு கடகடவென்று சிரித்தான். "போச்சு! ரூம் கதவ நல்லா பூட்டிக்கங்கண்ணே."

மாலதி சிரிக்கவில்லை. ரிப்பன்களைப் புரட்டி ஒன்றில் நிறுத்தினாள். அவள் அம்மாவின் பெயர். போன வருஷம் போனவள்.

"என்னான்னு வேண்டிக்கிட்டீங்க?"

"எந்திரிச்சு நடந்து வரணும்னு."

"எங்கம்மாவுக்குமா?"

"எல்லாருக்கும்தாம்மா."

அவள் டீயில் ஆடை படிந்தது. குடிக்கவே இல்லை.

மாசி 13, திங்கள்

வேலை ஓடவில்லை. வெண்டைக்காய் போகவேண்டிய வீட்டில் பாகற்காய்.

உயிரோடிருக்கிறவன் பெயரைச் செத்தவர்கள் நடுவே கட்டிவைத்திருக்கிறேன். அவிழ்த்துவிடலாம் என்றால், கட்டிய வேண்டுதலைப் பாதியில் அவிழ்ப்பது அதைவிடக் கேடு. அவனுக்கு ஏதாவது ஆனால் என் கையால்தான்.

கடைசியில் ஊருக்குப் போன் போட்டு, செல்வத்தின் பெண்டாட்டி பொன்னியிடமே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவுக்காதீங்கண்ணே. யாரு கூட இருந்தா என்ன, தனியா இல்லல்ல? நீங்க போயி முடிச்சிட்டு வாங்க" என்றாள்.

மாசி 18, சனி

மலாக்கா போகும் வழியில், பொந்தியான் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. நல்ல வெயில், செம்பனைத் தோட்டம், நுரை ததும்பும் தே தாரிக் டீ. அதிகாலையிலேயே பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குள் வந்துவிட்டோம். வழியெல்லாம் பின்னால் குரல்கள். பழகிவிட்டது. கடைசி ஆளுக்கும் கேட்கட்டும் என்று நானே சத்தம் போட்டுச் சொன்னேன்.

இப்போதுதான் பொன்னி கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக. "அண்ணே, அவுக கண்ணு முழிச்சிட்டாக! ஆஸ்பத்திரியில போனக் காட்டுனாக, எங்கூடப் பேசுனாக!"

நாற்காலி சாய எழுந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பிரபு எனக்கு இன்னொரு ரொட்டி சொன்னான். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன தங்கச்சி சொன்னான்?"

"ஏதோ வரிசையில நின்னாகளாம் அண்ணே. முன்னால எக்கச்சக்கப் பேராம். பொம்பளைங்க, சீனவுக, எல்லாரும். இவரு வயசுல சின்னவரு, மொதல்ல போகட்டும்னு ஒரு அம்மா வழி விட்டுச்சாம். அடுத்தது நாங்கதான்னு சொல்லி அனுப்பிச்சாம்."

கைதட்டல் நின்றுபோனது.

செல்வத்தின் ரிப்பனை இங்கேயே அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டேன். மற்றவற்றைத் தொடவில்லை. வழிவிட்டு நிற்கிறவர்களை எப்படி அவிழ்ப்பேன்?

மாலதி எழுந்தாள். "பிரபு, நீ லீட் எடுத்துக்க லா" என்றாள். தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு, எனக்கும் பின்னால் போய்விட்டாள். எழுதிக்கொண்டே பார்க்கிறேன். என் வண்டியை ஒட்டி நிற்கவில்லை. நடுவில் இன்னொரு சைக்கிள் போகிற அளவுக்கு இடம் விட்டு, அந்த இடத்தையே பார்த்தபடி நிற்கிறாள். ஏம்மா இத்தனை தள்ளி நிற்கிறாய் என்று கேட்கலாமென்றால் அதற்குள் அவளே, "அண்ணே, வாங்க, அவங்க ரொம்ப நேரமா நிக்கிறாங்க" என்று கூப்பிடுகிறாள்.