மச்சான் கேட்ட அருவி

அன்பு மச்சானுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். கேட்காமல் கடிதம் தொடங்கவும் எனக்கு வராது. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நானும் அக்காவும் பிள்ளைகளும் சுகம். உங்கள் மூத்தவன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டான். உங்களைப் போலவே சம்பள நாளில் மட்டும் சுறுசுறுப்பாக இருக்கிறான். தோட்டத்தில் மேற்குப் பக்கத்து ரப்பரை வெட்டிச் சாய்த்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டிருக்கிறார்கள். நீங்களும் ஒரு வகையில் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. உங்கள் சாம்பல் இன்னும் கரைக்கப்படவில்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் ரம்புத்தான் மரத்தில், மஞ்சள் துணி கட்டிய சட்டியில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் பருவம் அந்த மரம் காய்த்துக் குலுங்கியது. அணிலைத் தவிர யாரும் ஒரு பழத்தைத் தொடவில்லை.

எல்லாம் நீங்கள் இழுத்துவிட்ட வேலைதான். ஊரில் எல்லாரும் சாகிறார்கள். ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தலை முழுகுகிறோம். உங்களுக்கு மட்டும் அருவி வேண்டுமாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அக்காவிடம், "நான் போயிட்டா என்னை மேல அருவியில கொண்டுபோயி கரைச்சிடு" என்றீர்கள். சொல்லும்போது சிரித்தீர்கள். விளையாட்டாகச் சொன்னீர்களா, மனதாரச் சொன்னீர்களா? நான் விளையாட்டு என்று நினைத்தேன். அக்கா அப்படி நினைக்கவில்லை.

அந்த அருவியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டுமே. கெர்லிங் பக்கத்து மலையடிவாரத்தில், ரப்பர் நிரைகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு. ஏறி, மூங்கில் புதரைத் தாண்டினால் சத்தம் கேட்கும். தென்னைக்கும் மேலான உயரத்திலிருந்து தண்ணீர் கரும்பாறையில் விழுந்து, இரண்டாகப் பிரிந்து, கீழே குளம்போலத் தேங்கி, ஓடையாக இறங்குகிறது. காலையில் பனி மூடிப் பின்னால் இருக்கும் மலையே தெரியாது. வெயில் ஏறியதும் ஈரமணலில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வந்து உட்காரும். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் பையன்கள் வருவார்கள், பாறையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

நான் கடலோரத்துக் கோலசிலாங்கூர்க்காரன். தட்டை நிலத்தில், சேற்று வாடையில் பிழைப்பவன். எனக்கு அது மேலிருந்து விழும் தண்ணீர், காலில் ஏறும் அட்டை, அவ்வளவுதான். உங்களுக்கு அதுவே வேலை. லயத்துத் தொட்டிக்கு அந்தக் குளத்திலிருந்துதான் குழாய் வருகிறது. குழாய் வாயில் அடைக்கும் இலை தழையை அள்ளிப் போடத் தோட்ட நிர்வாகம் வைத்த ஆள் நீங்கள். சிக்கலும் அங்கேதான் வந்தது.

தகனம் முடிந்த மறுநாள், சட்டியை மேலே கொண்டுபோகப் போகிறோம் என்றதும் லயமே வாசலில் வந்து நின்றது. சண்டைக்கு வரவில்லை. எதிர்வீட்டுப் பெருமாயி அக்காதான் பேசினார்.

"சரோஜா, ஒன் மனசு எனக்குப் புரியாமயா இருக்கு? ஆனா குடிக்கிற தண்ணி லா அது. பச்சப் புள்ளைங்க குடிக்குது. அதுல போயி சாம்பலக் கரைப்பியா?"

அக்கா தூக்கிய சட்டியை இறக்கி வைத்தாள். யாரால் மறுக்க முடியும்? நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது.

கடலில் கரைத்துவிடலாம் என்று நான் காரியத்தில் இறங்கினேன். எங்கள் ஆற்று முகத்துப் பாசிர் பெனம்பாங்கில் நான் மீன் எடை போடும் கடையின் சீன முதலாளி, கேட்டதும் படகைக் கொடுத்தார். ஆள் போட்டு, டீசல் ஊற்றி, பூவும் பாலும் வாங்கி வைத்தேன். அக்கா வேனில் உங்களை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். படகுத்துறையில் இறங்கிச் சுற்றிலும் பார்த்தாள். கலங்கல் தண்ணீர், நண்டுக் கூடை, வெயிலில் காயும் நெத்திலி.

"இவருக்குக் கருவாட்டு வாடையே ஆகாதேடா" என்றாள்.

"அருவித் தண்ணியும் கடைசியில இந்த ஆத்துலதான்க்கா வந்து விழுது" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

"இங்க வந்து சேரும்போது அது அருவி இல்லையேடா தம்பி."

படகுக்காரன் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தான். அக்கா வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்கள் மேல்தான் வந்தது. வழி நெடுக நான் உங்களைத் திட்டிக்கொண்டு வந்தது அந்தச் சட்டிக்குக் கேட்டிருக்கும்.

அதற்கப்புறம் அக்கா யாரிடமும் வாதாடவில்லை. அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். லயத்துக்கு அரசாங்கத்துப் பைப் தண்ணீர் வந்துவிட்டால் அருவியிலிருந்து யாரும் குடிக்கப்போவதில்லை. அப்புறம் உங்களைக் கரைக்க யார் என்ன சொல்ல முடியும்? பெரிய ரோட்டு வரைக்கும் பைப் வந்து நின்றிருந்தது. அருவித் தண்ணீர் சும்மா கிடைக்கும்போது லயத்துக்கு எதற்கு என்று தோட்ட நிர்வாகம் விட்டுவைத்திருந்தது.

ஆபீஸ் வாசலை மிதிக்கக்கூடப் பயந்த உங்கள் சரோஜா, சம்பள நாள் தவறாமல் போய் நின்றாள். ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கணக்கு வழக்குப் பார்க்கும் பெரிய கிராணி நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"ஏம்மா, அருவித் தண்ணி மாதிரி சுத்தமான தண்ணி எங்கம்மா கெடைக்கும்?"

"அப்போ ஒங்க வீட்டுக்கு மட்டும் ஏன் சார் பைப் போட்டீங்க?"

கிராணி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் கேட்கக் கேட்க மற்ற பெண்களும் கூடப் போய் நிற்க ஆரம்பித்தார்கள். மழைக்காலத்தில் தொட்டித் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தபோது ஒரு வாளியை அப்படியே மானேஜர் மேசையில் வைத்துவிட்டு வந்தார்களாம். தொழிற்சங்கத்துக்காரர்கள் அக்காவைத் தலைவியாக நிற்கச் சொல்லி வந்து கேட்டார்கள். புருசனைக் கரைக்க வழி தேடிய பொம்பளைக்கு வந்த பதவியைப் பாருங்கள் மச்சான். நீங்கள் இருந்திருந்தால் தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை.

போன மாதம் பைப் வந்தது. வீட்டுக்கு ஒன்று. திறந்ததும் சளசளவென்று கொட்டியது, பிள்ளைகள் ஆடித் தீர்த்தார்கள். அக்கா அன்றைக்கே சட்டிக்குப் புதுத்துணி எடுத்து வைத்தாள்.

அடுத்த வாரம் நான் வந்தபோது அவள் முகம் வாடிக் கிடந்தது. பைப் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறதாம், டீயும் விளங்கவில்லை, சோறும் விளங்கவில்லையாம். பழைய தொட்டியை மூடிவிட்டதால், லயத்துப் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு அருவிக்கே போகிறார்கள். துணி துவைக்க மட்டும் பைப்.

"இன்னும் அதையேதான்டா குடிக்கிறாங்க. இனிமே நான் யாரைப் போயி என்னன்னு கேக்குறது?"

மறுபடியும் படகைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அந்த நேரத்தில்தான் பெருமாயி அக்கா உள்ளே வந்தார். காதில் விழுந்திருக்க வேண்டும். வாளியைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஏண்டி, இதுக்காகவா இத்தன நாளு அலைஞ்ச? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"நீங்கதானே அக்கா அன்னிக்கு..."

"சொன்னேன். இல்லேங்கல. ராத்திரியெல்லாம் யோசிச்சும் பாத்தேன். அந்த மனுசன் தெனமும் அந்தக் கொளத்துல எறங்கி, குளிச்சி, வாய் கொப்புளிச்சிட்டுத்தானே எலையை அள்ளிப் போட்டாரு? அதைத்தானே இத்தன வருசமும் குடிச்சோம்? இப்ப மட்டும் என்னா புதுசா? கொண்டா, போயி கரைப்போம். நம்ம ஆளுதானே, குடிச்சிக்கிறோம் லா."

அக்கா வாய்விட்டு அழுதாள். நீங்கள் போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. நான் சைக்கிளுக்குக் காற்று அடிப்பதுபோல வெளியே போய்விட்டேன். எனக்கும் அழுகை வந்தது, மச்சான்.

நாளைக்குக் காலையில் போகிறோம். சட்டியை மூத்தவன் தூக்குவான். லயமே வருகிறது, வரும்போது பெண்கள் வழக்கம்போல ஆளுக்கொரு வாளி நிரப்பிக்கொண்டு வருவார்களாம். அதில் முதல் குவளை எனக்கு. முகம் சுளிக்காமல் குடிப்பேன். இது அக்கா மேல் சத்தியம்.

உங்கள் சரோஜாவின் தம்பி,
உங்கள் மச்சினன் கோவிந்தன்