பதினோராவது ஊரின் ‘மே.’

மார்ச் 3

வண்ணம் போடும் வேலை இன்று முடிந்தது. சந்தை கூடும் ஊர்கள் மூன்று, அவற்றைச் சுற்றிக் கிராமங்கள் பதினொன்று. எங்கே அரசின் புது வீடுகள் வரலாம், எங்கே கூடாது என்று அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து நான் நிறம் தீட்டியிருக்கிறேன். பழைய நில அளவைப் புத்தகத்தின் குறிப்புப் பத்தியில் ‘மே.’ என்று இருந்தால் மேடு. மஞ்சள். கட்டலாம். ‘ப.’ என்று இருந்தால் பள்ளம். நீலம். கட்டக் கூடாது. நான்கு மாதமாக மே, ப, மே, ப. தூக்கத்தில் நான் ஆடு மாதிரி கத்துகிறேனாம், வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

தங்கை வந்திருந்தாள். வீட்டுக்கு மனுப் போடப் போகிறாளாம். “எந்த ஊர்லக்கா போடட்டும்? உனக்குத் தெரியாததா?” சொல்லக்கூடாதுதான். பதினோராவது ஊரில் போடு என்று சொல்லிவிட்டேன். சந்தை ஊருக்கு இரண்டு கிலோமீட்டர், பஸ் உண்டு, பள்ளிக்கூடம் பக்கம். பாவம், மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறையில் இருக்கிறாள். மில் ஓடினால் சுவரே நடுங்கும். அவள் பெண் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாடம் படிக்கிறது.

மார்ச் 20

வரைவுத் திட்டம் ஒட்டியாயிற்று. என் மஞ்சளை ஊரே நின்று பார்க்கிறது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 2

ஆட்சேபணைக் கடிதங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் போக வேண்டும், அதுவும் என் தலையில்தான். பாதிப் பேருக்குப் புது வீடு வேண்டும், ஆனால் தங்கள் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம்.

பதினோராவது ஊரிலிருந்து ஒன்று, நோட்டுத்தாளில்: “நீங்கள் வீடு போட்டிருக்கிற இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். நான் அங்கே ஆடு மேய்க்கிறவள்.” பதில் எழுதினேன்: “ஆவணங்களின்படி அப்பகுதி மேட்டு நிலம் என்பதால் தங்கள் ஆட்சேபணை ஏற்கத்தக்கதல்ல.” கையெழுத்துப் போட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 10

ஆட்டுக்காரப் பெண் நேரிலேயே வந்துவிட்டாள். என்னைவிடச் சின்னவள். என் பதிலை மேசைமேல் வைத்து, “மேடுன்னு எந்த ஆடு வந்து சொல்லுச்சு உங்களுக்கு?” என்றாள். அறையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆவணம் அப்படிச் சொல்கிறது என்றேன்.

“ஆவணம் நனையாதும்மா. ஒருக்கா வந்து பாருங்க. இப்பக் காஞ்சுதான் கெடக்கு. ஆனா மோட்டார் ரூம் செவுரப் பாத்தாத் தெரியும்.”

போன பிறகும் அவள் குரல் காதிலேயே இருந்தது. சரி, புத்தகத்தை இன்னொரு தடவை பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

ஏப்ரல் 12

பார்த்திருக்கவே வேண்டாம். இல்லை, முன்னாடியே பார்த்திருக்க வேண்டும். என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை.

மற்றப் பத்து ஊர்ப் புத்தகங்களும் ஒரே ஆள் கையெழுத்து. பதினோராவது ஊருடையது வேறு ஆள். நான் கவனிக்கவில்லை. அவர் மேட்டு நிலத்துக்கு ‘உயர்.’ என்று எழுதியிருக்கிறார். ஆறாம் பக்கத்தில், ஒரே ஒரு இடத்தில், சோம்பல்படாமல் முழுதாக எழுதியிருக்கிறார்: மேய்ச்சல். அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் ‘மே.’

மேய்ச்சல். தண்ணீர் தேங்குவதால் உழ முடியாமல் ஆடு மாட்டுக்கு விட்ட நிலம். அதில் அறுபது வீடு போட்டிருக்கிறேன்.

பத்தியை விரலால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

ஏப்ரல் 13

அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். நல்ல புல்வெளி, சாலையைவிட ஓர் ஆள் உயரம் தாழ்வு. மோட்டார் அறைச் சுவரில் பழுப்பாக ஒரு கோடு, என் இடுப்புக்கு. தொட்டால் மண் உதிர்ந்தது.

“நான் வரைஞ்ச கோடு இல்ல அது,” என்றாள் ஆட்டுக்காரி.

அவள் ஆடுகள் என்னைப் பார்த்து ‘மே’ என்று கத்தின. அவை சரியாகத்தான் படித்திருக்கின்றன.

ஏப்ரல் 15

பிரிவு அதிகாரியிடம் சொன்னேன். எதைக் கேட்டாலும் “பாக்கலாம்” என்பார், பட்டப்பெயரே ‘பாக்கலாம்’தான். இன்று அதைச் சொல்லவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இருபத்தெட்டாம் தேதி ஒப்புதல் கூட்டம். இப்பப் போயி ஒரு ஊர எடுத்தா மத்த ஊர்க்காரனும் கெளம்புவான். மொத்தத் திட்டமும் கலைஞ்சிடும். மண்ணக் கொட்டி ஒசத்திக்குவாங்கம்மா. புத்தகத்த எங்கிட்டக் குடுங்க.”

“எவ்வளவு மண்ணு சார்? யாரு கொட்டுவா?”

“உங்க கையெழுத்துதான் இருக்கு அந்தப் பதில்ல. ஞாபகம் வச்சுக்குங்க.”

மிரட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனால் சாத்திய கதவை அவரே இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார், அவருக்கும் பயம். புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்?

ஏப்ரல் 17

தற்காலிகப் பட்டியல் வந்துவிட்டது. பதினோராவது ஊர், வீட்டு எண் பதினேழு: தங்கை.

ஓடி வந்தாள். மாவு படிந்த கையாலேயே என் கன்னத்தைப் பிடித்தாள். பட்டியல் தாளின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்து வைத்திருக்கிறாள்: இங்கே அடுப்பு, இங்கே அலமாரி, ஜன்னலோரம் பெண்ணின் கட்டில். “இனிமே பாப்பாவுக்குப் பஞ்சு வேணாம்க்கா. எல்லாம் உன்னாலதான்.”

ஆமாம். எல்லாம் என்னால்தான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இனிப்பு இருக்கிறதா என்று டப்பாவைத் தேடுவதுபோல் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 19

போன் அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது.

ஏப்ரல் 21

என்ன ஆகும்? சொன்னால் வேலை போகும். போகட்டுமா? தங்கைக்கு நான்தான் ஊரைச் சொன்னேன் என்பதும் வெளியே வரும். அவள் என் முகத்தில் முழிப்பாளா? சொல்லாவிட்டால்? அந்தக் கோடு. கட்டில் எவ்வளவு உயரம் இருக்கும்? இன்று எங்கள் வீட்டுக் கட்டிலை ஸ்கேல் வைத்து அளந்தேன். என் இடுப்புக்குக் கீழேதான் வருகிறது. எத்தனை தடவை அளந்தாலும் கீழேதான். ஐயோ, குழந்தை அதுல படுத்திருக்கும். நான் பைத்தியமா ஆயிட்டேனா?

வீட்டுக்காரர் கேட்டார்: “வேலைக்குப் பயப்படறியா, தங்கச்சிக்கா?”

“தண்ணிக்கு,” என்றேன்.

ஏப்ரல் 23

முடித்துவிட்டேன். ஆட்சேபணைக்கு எழுத்தில் பதில் போட்டவர், அது தவறென்றால் எழுத்திலேயே திருத்தலாம். திருத்தம் ஆட்சேபித்தவர் கைக்குப் போய்விட்டால் கூட்டம் அதைக் கேட்டே ஆக வேண்டும். விதியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆட்டுக்காரிக்கு எழுதினேன்:

“எனது ஏப்ரல் 2 தேதியிட்ட பதில் தவறானது. ஆவணத்தில் உள்ள ‘மே.’ என்பது மேடு அல்ல, மேய்ச்சல். பிழை என்னுடையது.”

பதிவுத் தபால் ரசீதை வாங்கிய உடனே திருப்பிக் கேட்டுவிடலாமா என்று ஜன்னல் முன்னாலேயே நின்றேன். எனக்குப் பின்னால் இருந்தவர், “நகருங்கம்மா” என்றார். நகர்ந்தேன்.

ஏப்ரல் 28

கூட்டம். ஆட்டுக்காரி எழுந்து வாசித்தாள். மெதுவாக, எழுத்துக் கூட்டி. “பிழை என்னுடையது” என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைத் தேடினாள். நான் நாற்காலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூலப் புத்தகம் எங்கே என்று தலைவர் கேட்டார். ‘பாக்கலாம்’ முதலில் முன்னாலிருந்த கோப்பைப் புரட்டினார். அப்புறம் எழுந்து போய்த் தன் அலமாரியைத் திறந்து எடுத்து வந்தார்.

மற்ற ஊர்களுக்கு ஒப்புதல். பதினோராவது ஊர் ரத்து. அறுபது குடும்பங்களும் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

மே 4

இந்த மாதத்தின் பெயரை எழுதவே கை கூசுகிறது.

என்னை ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். தங்கைக்கு ஊரைச் சொன்னதற்குத் தனியாக விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தங்கை நேற்று வாசலிலேயே நின்று பேசினாள், உள்ளே வரவில்லை. “வீடு போனதுகூடப் பரவால்ல. எனக்கு முன்னாடி அந்த ஆட்டுக்காரிக்குச் சொல்லியிருக்க. நான் படத்த வரைஞ்சு காட்டறேன், நீ பாத்துக்கிட்டு நிக்கற.” அக்கா என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

ஜூன் 30

ஆவண அறையில் சுருக்கெழுத்துகளையெல்லாம் முழுச் சொல்லாக எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான்.

ஆகஸ்ட் 26

மழை இல்லை. பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பேர்: “காஞ்சு கெடக்கற எடத்தப் போயி வெள்ளம் வரும்னுட்டாளாம் ஒருத்தி.” திரும்பவில்லை.

புதுப் பயம் ஒன்று வந்திருக்கிறது. அந்தக் கோடு என்றைக்கோ ஒரே ஒருமுறை வந்த தண்ணீருடையதாக இருந்தால்? தங்கை வீட்டை நான் சும்மாவே பிடுங்கிவிட்டேன் என்றால்? வானத்தைப் பார்த்து, வா, வந்து நில் என்று மனசுக்குள் சொல்கிறேன். வெள்ளம் வரவேண்டும் என்று ஒரு மனுஷி ஆசைப்படுவாளா? ச்சீ.

அக்டோபர் 20

மழை. மூன்றாவது நாள்.

அக்டோபர் 22

போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. சாலையில் இறங்கினேன். புல்வெளி இல்லை, தண்ணீர்தான். மோட்டார் அறையின் பழுப்புக் கோட்டைக் காணவில்லை, அதற்கு மேலே நிற்கிறது. நான் சொன்னது சரியாகப் போயிற்று என்ற நினைப்பே வரவில்லை. ஏப்ரல் 23 அன்று தபாலை நான் திரும்ப வாங்கியிருந்தால் என்றுதான் வந்தது.

எனக்கு முன்னாலேயே ஒருத்தி நின்றிருந்தாள். செருப்பு கையில், குடை தோளில். தங்கை. திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்குள் பேச்சு நின்று இது ஆறாவது மாதம்.

“பதினேழு எது?” என்றாள்.

கை நீட்டினேன். “மோட்டார் ரூமுக்கு இந்தப் பக்கம். ரெண்டாவது வரிசை.”

அவள் குடையைத் தூக்கி அந்த இடத்தைப் பார்த்தாள். “பாப்பா கட்டிலு?”

“ஒரு கட்டை மிதக்குது பாரு. அதுக்குக் கீழ.”

கட்டை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அது நகர்ந்து போகிறவரை இருவரும் நின்றோம். என் தோள் நனைந்துகொண்டிருந்தது. அவள் குடையை என் பக்கம் சாய்த்தாள்.

“பஸ்ஸு எத்தனை மணிக்குக்கா?”

நாலே கால் என்றேன்.