முகத்துவாரம் வெட்டும் நாள்

கல்முனைக்குடி
13.10.2023

அன்பு மகள் ஸம்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். வரிகள் ஏறியும் இறங்கியும் போகின்றன. ‘ழ’ வந்தால் இரண்டு தரம் அழித்து எழுதுகிறேன். ஆனாலும் இது வாப்பா தன் கையால் எழுதியது. எங்களுக்கு எழுத்துப் படிப்பிக்கும் றபீக்கா டீச்சர் பக்கத்தில்தான் இருந்தா, ஆனால் ஒரு எழுத்தும் சொல்லித் தரவில்லை. கடைப் பலகைகளையெல்லாம் வாசித்துக்கொண்டு நடப்பதால் சந்தைக்குப் போனால் வரப் பிந்துகிறது என்று உம்மா ஏசுகிறா. ஏசட்டும். இத்தனை வருஷமாக அந்தப் பலகைகள் என்னோடு கதைக்காமல் இருந்தன.

மாரி வருகிறது மகள். களப்பு நிரம்பினால் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேணும். முந்தி வெட்டினால் கடல் உள்ளே வந்து உப்பேறும். பிந்தினால் வட்டை வயல் முழுதும் தண்ணீரில் தாழும். போன இரண்டு மாரியும் வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானையார் பாலத்து அளவுக் கம்பத்தைப் பார்த்து உனக்குப் போனில் கோல் எடுப்பார், நீ கம்பியூட்டரில் போட்டு வெட்டும் நாளைச் சொல்வாய். ஒரு தரமும் கணக்குப் பிழைக்கவில்லை. அதை நம்பித்தான் உன் தம்பி றிபாஸ் இந்த முறை களப்போரத்துப் பள்ளக் காணியைக் குத்தகைக்கு எடுத்து விதைத்திருக்கிறான்.

காம்பஸுக்குப் புதிதாக வந்த விரிவுரையாளர் ஷிப்லி என்பவர் வீட்டுக்கு வந்தார். வெட்டும் நாளைக் கணிக்கிற உன் புரோகிராமை இன்டர்நெட்டில் தேடித் தேடிக் களைத்துவிட்டாராம். உன் ஆய்வுக் கட்டுரையின் அடியில் ‘கேட்போருக்குத் தரப்படும்’ என்று எழுதியிருக்கிறதாம். கேட்டு எழுதினால் அந்த ஈமெயில் செத்துப்போய்க் கிடக்கிறதாம். ஒரு புரோகிராமைக் கண்டுபிடிக்க அதைச் செய்தவளின் வாப்பாவுடைய வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அவருக்கு அதைக் கொடுத்துவிடு மகள். கோல் எடுக்க நீ எப்போதும் இருக்கமாட்டாய்.

றிபாஸ் இதைப் படம் எடுத்து அனுப்புவான்.

வாப்பா
முகைதீன்பாவா


பேர்கன், நோர்வே
19.10.2023

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். தம்பி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். வேலைக்குப் போகிற பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் மௌத்துச் செய்தி என்று நினைத்திருப்பார். நானும் கையாலேயே எழுதுகிறேன். பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன், நீங்களே வாசியுங்கள். தம்பியிடம் கொடுக்க வேண்டாம்.

புரோகிராமைக் கொடுக்க எனக்கு மனமில்லாமல் இல்லை வாப்பா, வெட்கம். படிப்பு முடிக்கிற அவசரத்தில் எழுதியது. எந்தக் கோப்பு கடைசியானது என்று நானே யோசிக்க வேண்டும். எப்படிப் பாவிப்பது என்று ஒரு வரி விளக்கம் இல்லை. திறந்து பார்க்கிறவர்கள் ‘இதையா இவள் செய்தாள்’ என்பார்கள். கூட்டாத வீட்டுக்குள் ஆட்களைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. டிசம்பர் லீவில் துப்புரவாக்கி எல்லோரும் எடுக்கக்கூடிய இடத்தில் போட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் கோல் எடுக்கச் சொல்லுங்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. உம்மாவுக்குச் சலாம்.

உங்கள் மகள்
ஸம்றா


கல்முனைக்குடி
17.11.2023

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். ஒரு பின்னேரம் முழுதும் சென்றது. உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். வெட்கம் என்று நீ எழுதிய இடத்தில் அவ சிரித்துவிட்டு, “உங்கட எழுத்தயே வாசிக்கிறாள். அவள்ற எழுத்த ஆர் என்ன சொல்றது?” என்றா. எழுதச் சொன்னா, எழுதினேன்.

மழை இந்த முறை முந்திவிட்டது. பயிர் நல்ல பச்சை. றிபாஸ் காலையும் பின்னேரமும் வரம்பிலேயே நிற்கிறான். வட்டவிதானையார் இரண்டு தரம் கோல் எடுத்தாராம், நீ எடுக்கவில்லையாம். அங்கே விடியாத நேரமாக இருந்திருக்கும். மீன்காரர்கள் இப்போது வெட்டாதே என்கிறார்கள், வயல்காரப் போடிமார் வெட்டு என்கிறார்கள். எல்லோரும் கடைசியில் றிபாஸைப் பார்த்து, உன்ட ராத்தா என்ன சொல்றா என்று கேட்கிறார்கள்.

டிசம்பர் வரை களப்பு பொறுக்காது மகள். ஷிப்லி, எப்படி இருக்கிறதோ அப்படியே போதும் என்கிறார்.

வாப்பா
முகைதீன்பாவா


பேர்கன்
22.11.2023

அன்புள்ள வாப்பாவுக்கு,

உம்மா வென்றுவிட்டா. புரோகிராமைத் துப்புரவாக்காமலே இன்டர்நெட்டில் போட்டுவிட்டேன். யாரும் தேடினால் கிடைக்கும், இறக்கிக்கொள்ளலாம். ஷிப்லி ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று எழுதினார். செய்தவர் பெயர் கேட்கிற இடத்தில் ஸம்றா முகைதீன்பாவா என்று முழுதாகப் போட்டேன். அவரிடம் சொல்லித் திறந்து பாருங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது சொல் நீங்கள்.

ஸம்றா


கல்முனைக்குடி
22.12.2023

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இதை எழுத எனக்கு மூன்று தாள் கெட்டுப்போயிற்று.

போன கிழமை களப்பு ஏறி வந்தது. ஷிப்லி கம்பத்தைப் பார்த்துப் புரோகிராமில் போட்டார். இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம் என்று அது சொன்னது. வட்டவிதானையாருக்கு மனம் கேட்கவில்லை, ஆட்களை மண்வெட்டியோடு கூட்டிப் போய்விட்டார். றிபாஸ் மணலில் குறுக்கே நின்று மறித்தான். “என்ட ராத்தாட கணக்கு பிழைக்காது” என்றானாம். அவனுடைய சொல்லுக்காகத் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த நாள் லுஹர் தொழுகை நேரத்துக்குள் வட்டை தாழ்ந்துவிட்டது. பிறகு வெட்டியும் கடல் கொந்தளிப்பில் தண்ணீர் வடியவில்லை. இப்போது வடிந்துவிட்டது, பயிர் இல்லை. அழுகல் மணம் வீதி வரைக்கும் வருகிறது. றிபாஸின் காணி மட்டுமல்ல, அவனை நம்பித் திரும்பியவர்களின் காணியும்.

அவனை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. கடையில் அவன் போய் நின்றால் கதை நின்றுவிடுகிறது.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்.

வாப்பா


பேர்கன்
27.12.2023

வாப்பாவுக்கு,

பாலம் திருத்தியபோது அளவுக் கம்பத்தைப் பிடுங்கி, முன்னையதைவிட உயரத்தில் நட்டார்கள். அதற்குப் பிறகு அது தண்ணீரைக் குறைத்துத்தான் காட்டும். வட்டவிதானையார் கோல் எடுக்கும்போதெல்லாம் அந்தக் குறைவை மனதுக்குள் கூட்டித்தான் நான் கம்பியூட்டரில் போடுவேன். எனக்குத் தெரியும் என்பதால் எழுதி வைக்கத் தோன்றவே இல்லை. ஷிப்லிக்கு எப்படித் தெரியும்? அவரில் பிழை இல்லை.

புரோகிராமை எடுத்துவிட்டேன் வாப்பா. போட்ட இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. இனி ஒருவரும் அதைப் பாவித்து அழிய வேண்டாம். தம்பிக்குக் கோல் எடுத்தேன், என் குரலைக் கேட்டதும் கோலை வெட்டிவிட்டான்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

ஸம்றா


கல்முனைக்குடி
02.02.2024

அன்பு மகள் ஸம்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத வேண்டாம் என்றாய். ஒரு மாதம் பொறுத்தேன். படம் எடுத்து அனுப்ப றிபாஸ் மறுத்துவிட்டான். உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறான். அடுத்த மாதம் கட்டாருக்குப் போகிறான். அதனால் இதைத் தபாலில் போடுகிறேன். உறையில் ஷிப்லி ஆங்கிலத்தில் விலாசம் எழுதித் தந்தார்.

ஷிப்லியிடம் உன் புரோகிராமின் பிரதி ஒன்று இருக்கிறது. கம்பத்தின் விஷயத்தையும் அதில் சேர்த்துவிட்டார். பழைய மாரிகளின் மழைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நாள் சரியாக வருகிறதாம். ஆனால் நீ எடுத்துக்கொண்டதை உன் சம்மதமில்லாமல் பாவிக்கவோ வெளியில் கொடுக்கவோ மாட்டேன் என்கிறார். வற்புறுத்திப் பார்த்தேன். அது உன் உழைப்பு, அவர் சொல்வது நியாயம்தான். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஒருவர், ‘நவம்பரில் இன்டர்நெட்டில் கண்டேன், இப்போது காணவில்லை, எங்கள் களப்புக்கும் வேணும்’ என்று ஷிப்லிக்கு எழுதியிருக்கிறாராம். இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே செய்ய வேணும், நாலைந்து வருஷம் செல்லும் என்கிறாராம். அந்த நாலைந்து மாரியிலும் அங்கேயும் ஒரு றிபாஸ் நாள் தெரியாமல் மணலில் நிற்பான்.

எங்கள் ஆட்கள் இனி அதைப் பாவிக்கமாட்டார்கள். விவசாயச் சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டார்கள், கை உயர்த்தாமல் இருந்தது நான் மட்டும்தான். அந்த மனங்களை மாற்ற உன்னாலும் ஏலாது, என்னாலும் ஏலாது. றிபாஸின் காணியும் திரும்பி வராது. அதற்காக நான் கேட்கவில்லை.

அதைத் திரும்பப் போடு. நடந்த பிழையையும் அதன் தலையிலேயே எழுதிப் போடு. அதற்கு மனமில்லையென்றால், பாவிக்கலாம் என்று ஷிப்லிக்கு ஒரு வரி. அதுவும் கஷ்டமென்றால் எனக்கு ‘ஓம்’ என்று மட்டும் எழுது. நான் வாசிப்பேன்.

உம்மா தொழுகைப் பாயில் இருந்து எழும்பப் பிந்துகிறா.

தபால் போய்ச் சேர எத்தனை நாள் என்று கந்தோரில் கேட்டேன். சொல்ல ஏலாது என்றார்கள். நீ பதில் எழுதினாயா, உறையை உடைக்காமலே வைத்தாயா என்று இப்போதைக்கு எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன். வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்ததும் அடுத்த கடிதத்தை எழுத உட்காருவேன். அதிலும் இதையேதான் கேட்பேன்.

வாப்பா
முகைதீன்பாவா