பக்கோடாப் பாடம்

7-8-2003, வியாழன்

காலேஜில் சைக்காலஜி படிக்கிற பெரியவள் நேற்று பாடம் சொன்னாள். மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், அப்புறம் வெறும் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறுமாம். "எனக்குக் குக்கர் விசில்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"உங்க மொபெட் சத்தம் கேட்டாலே சின்னவ டிவிய அமத்திட்டுப் பொஸ்தகத்தத் தூக்குறா. அவளுக்குப் பயம்ப்பா."

நான் அடித்ததே இல்லை. கத்துவேன், அம்புட்டுதான்.

இன்று வத்தலக்குண்டு ரோட்டில் பக்கோடா வாங்கினேன். வாசலில் வேண்டுமென்றே ஹாரன் அடித்தேன். சின்னவள் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"உனக்குத்தான் தாயி."

"எதுக்குப்பா?" பொட்டலத்தைப் பிரிக்காமல் என் முகத்தையே பார்த்தாள். கடைசியில் பாதிக்கு மேல் நான்தான் தின்றேன்.

நாளைக்கும் வாங்கணும். அந்த நாய் பழக எத்தனை நாள் ஆச்சுன்னு பெரியவளைக் கேட்கணும்.