பிஸ்கட் டப்பா நவாப்

மயிலாப்பூர்
பிப்ரவரி 1949

அன்பு மகன் கலீமுல்லாவுக்கு அம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, பினாங்கில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இருமல் நின்றதா, பச்சைத் தண்ணீர் குடிக்காதே.

உடம்பு நன்றாக இருக்கிறது, மானம்தான் போய்விட்டது. நம் தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள், ஒரு பக்கத்து வீடுகளை இடித்தால் போதுமாம். எந்தப் பக்கம் என்று சொல்லப் பழங்கட்டடங்களைக் காப்பாற்றும் சங்கம் என்று ஒன்று கிளம்பி வந்தது. ஆழ்வார்பேட்டைக் கனவான்கள் நாலு பேர், ஆளுக்கொரு மூக்குக்கண்ணாடி, இத்தனை கண்ணாடி போட்டும் ஒருவருக்கும் கண் தெரியவில்லை. நம் வாசல் வளைவைப் பார்த்து நவாப் காலத்து வேலைப்பாடு என்று சொக்கி நின்றார்கள். உன் அக்கா சகினா கல்யாணத்துக்கு, பிஸ்கட் டப்பா மூடியிலிருந்த கோட்டைப் படத்தைக் கொத்தனாரிடம் கொடுத்து உன் அத்தா சிமிட்டியில் கட்டிய வளைவு அது. எதிர்வீட்டு லூயிசா அம்மாவுடையது அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் கட்டிய சுண்ணாம்பு வீடு. அதில் பூ இல்லை, சிங்கம் இல்லை, ஆகவே பழசு இல்லையாம். நம் பக்கத்தைப் பாதுகாக்க வேண்டும், அவள் பக்கத்தை இடிக்கலாம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

இது சிமிட்டி ஐயா என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். பொம்பளைகளுக்கு இதெல்லாம் தெரியாது என்று சிரித்துவிட்டு உன் அத்தாவைக் கேட்டார்கள். அந்த மனுஷர் தாடியைத் தடவிக்கொண்டு வாயை மூடி நின்றார். பூட்டுக்கடை வைத்திருப்பவர், இப்போது தம் முன்னோர் நவாபின் கஜானாவைக் காத்தவர்கள் என்று வருகிறவனிடமெல்லாம் அளக்கிறார். கேட்டால், "அவுங்களே நவாப்னு சொல்லிக்கினு கீறாங்க, நான் ஏன் இல்லேங்கணும்? நெசத்தைச் சொன்னா நம்ம வூடு இல்ல போவும்" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. நீ பிறந்தபோது உன்னை முதலில் கையில் வாங்கியவள் லூயிசா. அவளோ, இடித்தால் மாதாகோயில் மடத்தில் ஒரு மூலை கிடைக்கும், நீ வீட்டுக்காரரோடு சண்டை போடாதே என்று எனக்கே சமாதானம் சொல்கிறாள்.

இன்னொரு கூத்து கேள். ஈரம் காயுமுன் அந்த வளைவின் அடியில் நீ இடது கையைப் பதித்து அத்தாவிடம் அடி வாங்கினாயே, அதற்கும் கண்ணாடி போட்டு மூடி, நவாப் வீட்டுக் குழந்தையின் கை என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆறு விரல் இருப்பதுகூட அவர்களுக்கு ராஜ லட்சணமாம்.

நம் வீடு போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அது போனால் ஈக்காட்டுத்தாங்கலில் குடிசை போட்டாவது இருப்போம். அடுத்த மாதம் கடப்பாறையோடு வருகிறார்கள், அதற்குள் சங்கத்துக்கு உண்மையை எழுதிப் போடு. நீ ஆண்பிள்ளை, கடல் கடந்து இருப்பவன், உன் பேச்சைத்தான் அந்த மேதாவிகள் கேட்பார்கள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நேர்மையான சம்பாத்தியமும் தரட்டும். மறக்காதே, வெறும் கையெழுத்தை அவர்கள் நம்பமாட்டார்கள். இடது கையை மையில் தோய்த்து, ஆறு விரலும் விழும்படி அடியில் ஒற்றி அனுப்பு.

உன் அம்மா
ஜஹீதா