சகலையின் ஸ்கேன் படம்

மேலுலகத்திலும் மிளகு விலை விசாரித்துக்கொண்டிருக்கும் அன்புச் சகலை அண்ணாவுக்கு,

நீங்கள் மாரடைப்பில் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்கள் மேல் எனக்கிருந்த வயிற்றெரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை.

வருகிற வியாழக்கிழமை நாமக்கல்லில் எனக்குப் புராஸ்டேட் ஆபரேஷன். உங்களுக்கு வந்த அதே வீக்கம்தான். ஒருநாள் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டது. டியூப் போட்டுவிட்டார்கள், மூன்று வாரமாகப் பையோடு திரிகிறேன். அதை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு செம்மேட்டில் நான் மிளகு பேரம் பேசுகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும்.

வீட்டில் உங்கள் புராணம்தான். "எங்க மாமா ஆபரேசன் ஆன மூணாம் நாளே நடந்தாருங்க. பத்தாம் நாள் கடையில ஒக்காந்துட்டாரு. நீங்க இப்பவே மொனகறீங்க" என்கிறாள் உங்கள் கொழுந்தியா, அதான் என் வீட்டுக்காரி. செத்தவரோடு போட்டி போட்டு யாராவது ஜெயிக்க முடியுமா அண்ணா?

உங்களுக்குச் செய்ததையே எனக்கும் செய்யட்டும் என்று மலையில் குண்டூர் நாட்டிலிருக்கும் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் சம்சாரத்திடம், எங்கள் அக்காவிடம், உங்கள் பழைய ஸ்கேன் படத்தைக் கேட்டேன். பீரோவில் உங்கள் சட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. ஆனா திருப்பிக் குடுத்துருங்க சாமி. போட்டோவுல மூஞ்சிதான் இருக்குது. இதுல அவரு உள்ளுக்குள்ள இருக்கறாருங்க."

படத்தை டாக்டர் மேசையில் வைத்தேன். "எங்க சகலைதுங்க. அதே நோவு, அதே வயசு. இத வெச்சே பண்ணிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஐயா என்ன வியாபாரம்?"

"மிளகுங்க."

"அடுத்தவங்க மூட்டையில குத்தூசி போட்டுப் பாத்துட்டு, உங்க மூட்டைக்கு வெல சொன்னா ஒத்துக்குவீங்களா?"

முப்பது வருடமாக மூட்டைக்கு மூட்டை குத்தி எடுத்து ஈரத்தைக் கண்டுபிடித்தவன் நான். என் உடம்பென்று வந்தபோது அடுத்தவர் சரக்கை நம்பிவிட்டேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்துத் திரையில் காட்டினார். உங்கள் வீக்கம் எலுமிச்சை அளவு. எனக்கு நம் மலை ஆரஞ்சு. அதில் ஒரு பகுதி மூத்திரப்பைக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறது. உங்களுக்குச் செய்ததுபோல் சுரண்டத் தொடங்கியிருந்தால், ரத்தம் நிற்காமல் பாதியில் கைவிட நேர்ந்திருக்கும் என்றார். எனக்கு லேசரில், தோலை விட்டுச் சுளையைக் கழற்றுவதுபோல் எடுக்கப் போகிறார். எங்கே தொடங்குவது, எதைத் தொடக் கூடாது என்று படத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

கடை, லாரி, தோட்டம் என்று எதிலாவது உங்களை மிஞ்ச வேண்டுமென்று காலமெல்லாம் ஆசைப்பட்டேன். கடைசியில் மிஞ்சியது இதில்தான்.

சிரிக்காதீர்கள். என் படத்தை உங்கள் கொழுந்தியா எங்கே வைத்திருக்கிறாள் தெரியுமா? ஆணியில் தொங்கும் மஞ்சள் பையில், கரண்ட் பில்லோடு. எங்கள் வீட்டிலும் பீரோ இருக்கிறது அண்ணா. நான் இல்லாமல் போனால் அதில் இடம் கிடைக்குமோ?

பத்தாம் நாள் கடைக்குப் போவேன் என்று வீம்பு பிடிக்க மாட்டேன். டாக்டர் சொல்லும்வரை மூட்டையைத் தொட மாட்டேன். எழுந்து நடமாடியதும் முதலில் குண்டூருக்குத்தான் வருவேன். உங்கள் படத்தை அக்கா கையில் கொடுப்பேன். அவர் அதைச் சட்டைகளுக்கு நடுவே வைப்பதைப் பார்த்து, இன்னொரு தடவை வயிறெரிந்துவிட்டுத் திரும்புவேன்.

உங்களைவிட ஒன்றில் மட்டும் பெரியவனான,
தேவனூர் நாட்டுச் சகலை