ஐந்துக்கு என்ன அர்த்தம்

பிராட்டிஸ்லாவா, மார்ச் 4, திங்கள்

அன்புள்ள ருஷேனா,

போனில் கேட்டால் மழுப்புவாய் என்றுதான் மின்னஞ்சலில் எழுதுகிறேன். இன்று எழுந்ததும் முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், எங்கள் நிறுவனம் வருஷாவருஷம் நடத்தும் நிபுணர் கருத்தாய்வுக்குப் பதில் தராத பேராசிரியர்களின் பட்டியலைத் திறந்தேன். இருபத்திரண்டு பேர். சிலர் ஓடிவந்து எழுதுகிறார்கள், சிலர் அசைவதேயில்லை. ஏன்? ஒருவர் நேரமில்லை என்கிறார். இன்னொருவர், நாட்டின் நிலையை எண்ணில் சொல்ல முடியாது என்கிறார். "நான் நிபுணன் இல்லை" என்று மறுத்தவரோ தேர்தல் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். அரைகுறைகள் முதல் நாளே அனுப்பிவிட்டன!

பட்டியலில் உன் பெயரும் இருக்கிறது. போன வருஷம் முதலில் அனுப்பியவள் நீ. வெள்ளிக்கிழமை அறிக்கை அச்சுக்குப் போகிறது. என்மேல் கோபமா?

உன்
யர்மிலா

கோஷித்சே, மார்ச் 6, புதன்

அன்பு யர்மிலா,

கோபமில்லை, வெட்கம்.

போன வருஷம், நம் நீதிமன்றங்கள் எவ்வளவு சுதந்திரமானவை, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடுக என்று கேட்டிருந்தாய். ஐந்து போட்டேன். இருபது வருஷம் விடைத்தாள் திருத்திய கை. நம் பள்ளிகளில் ஒன்று வாங்கினால் கெட்டிக்காரன், ஐந்து வாங்கினால் ஃபெயில். உங்கள் தாளில் அது தலைகீழ், ஐந்துதான் உயர்ந்த மார்க் என்பதை நான் கவனிக்கவேயில்லை.

அந்த வருஷத்து அறிக்கை வந்த வாரம் சந்தையில் நீதிபதி ஷிம்கோவைப் பார்த்தேன். மேலிடத்துக்குப் பிடிக்காத தீர்ப்பை எழுதி மாற்றல் வாங்கியவர். பத்திரிகையை நீட்டினார்: "ஏம்மா, நம்ம கோர்ட்டுக்கு நல்ல மார்க்காமே! எனக்குத்தான் தெரியாமப் போச்சு. மாத்தல் ஆர்டரை விருதுன்னு ஃப்ரேம் போட்டு மாட்டிக்கறேன்."

நானும் சிரித்தேன். என் கை போட்ட மார்க் என்று சொல்ல நா எழவில்லை. உன் வேலைக்கு ஆபத்து வருமோ என்று உன்னிடமும் சொல்லவில்லை. இனி என்னைக் கேட்காதே.

ருஷேனா

பிராட்டிஸ்லாவா, மார்ச் 7, வியாழன்

அடி ருஷேனா,

போன வருஷத்து விடைகளை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு நான்கு பேர் ஐந்து போட்டிருக்கிறார்கள். நால்வருமே கீழே, குறிப்பில், நீதிமன்றங்களைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். எண்களைக் கூட்டியதும் நான்தான், குறிப்புகளைப் படித்ததும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

தாளில் பெயர் இருக்காது, குறியீட்டு எண் மட்டும்தான். அந்த நான்கு எண்களும் இந்த வருஷம் பதில் தராதவர்கள் பட்டியலில், பெயர்களுக்கு எதிரே இருக்கின்றன; ஒன்று உன்னுடையது. பக்கத்தில் காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதி வைத்திருந்தது: "ஆர்வமின்மை."

நாளை எங்கள் நிறுவன இயக்குநர் "இப்பப் போய் இதைக் கிளப்புறியா?" என்று கத்துவார். கத்தட்டும். போன வருஷத்து மதிப்பெண் தவறு, தவறு எங்களுடையது என்று முதல் பக்கத்தில், என் கையெழுத்தோடு வராமல் அறிக்கை அச்சேறாது. உன்னைத் தவிர இது இன்னும் யாருக்கும் தெரியாது.

யர்மிலா